பச்சைக் கூடை, நீலக் கூடை, அப்புறம் இன்னும் இரண்டு: சென்னையில் குப்பையைப் பிரித்துக் கொடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்தில் குப்பை விஷயத்தைக் கவனிப்பவன் நான். தெருவில் இருக்கிறவர்கள், கடைக்காரர்கள், புதிதாகக் குடிவந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். சென்னையை வைத்து எழுதினாலும் அடிப்படை விதிகள் நாடு முழுவதற்கும் பொதுவானவை. வண்டி வரும் நேரம், எந்தக் குப்பையை எந்தக் கிழமை எடுக்கிறார்கள் என்பதுதான் ஊருக்கு ஊர், சில சமயம் தெருவுக்குத் தெரு மாறும்.

குப்பையை இரண்டாகப் பிரிக்க வேண்டுமா, மூன்றாகவா, நான்காகவா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

நான்காக. குழப்பம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயகரமான கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னது. நடைமுறையில் நம் கைக்கு வந்தது மக்கும் குப்பைக்குப் பச்சைக் கூடை, மக்காததற்கு நீலக் கூடை என்று இரண்டுதான். அதனால் எல்லோர் மனதிலும் இரண்டு என்றே பதிந்துவிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் அந்த விதிகளுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்திருக்கின்றன. அதன்படி ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் டயப்பர் போன்ற சுகாதாரக் கழிவு, பல்பு மருந்து மாதிரி தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என்று நான்கு வகை.

நான்கு என்றதும் சமையலறையில் நான்கு டப்பா வைக்க இடம் எங்கே என்று பயப்பட வேண்டாம். தினமும் கை போவது முதல் இரண்டில்தான். சுகாதாரக் கழிவுக்குக் குளியலறையில் மூடி போட்ட சின்ன டப்பா ஒன்று. நான்காவதற்குப் பழைய செருப்புப் பெட்டி ஒன்றைப் பரணில் போட்டு வைத்தால் போதும், அது நிரம்பவே மாதக்கணக்கு ஆகும்.

எது எதில் போக வேண்டும்?

காய்கறித் தோல், மிச்சச் சோறு, டீத்தூள், முட்டை ஓடு, மீன் கறிக் கழிவு, வாழை இலை, சாமிக்குப் போட்ட பூ எல்லாம் ஈரக் குப்பை. பூவை நூலோடு போடாமல் நூலை உருவிவிட்டுப் போடுங்கள், உரம் தயாரிக்கும் இடத்தில் சலிக்கும்போது நூல்தான் சிக்கிக்கொள்ளும். பேப்பர், அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம், பழைய துணி, செருப்பு, தெர்மாகோல் இதெல்லாம் உலர் குப்பை.

நடுவில் சில விஷயங்கள் ஆளைக் குழப்பும். எண்ணெய் ஊறிய பஜ்ஜி பேப்பரும் கை துடைத்த டிஷ்யூவும் பேப்பர்தான், ஆனால் அவை ஈரக் குப்பையோடுதான் போக வேண்டும், எண்ணெய் பிடித்த காகிதத்தைக் காகித ஆலையில் கூழாக்க முடியாது. கொட்டாங்குச்சி மக்கும், ஆனால் வருஷக்கணக்கில் ஆகும். அதனால் அதைத் தனியாகச் சேர்த்துக் கொடுப்பது நல்லது, கரி சுடுகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். ஜூஸ் வரும் அட்டை டப்பா பார்க்க அட்டை போலத்தான் இருக்கும், உள்ளே பிளாஸ்டிக்கும் அலுமினியத் தாளும் ஒட்டியிருக்கும். அது உலர் குப்பை, பேப்பர் கட்டோடு சேர்க்கக் கூடாது.

பிளாஸ்டிக் டப்பா, பால் கவர் எல்லாவற்றையும் கழுவியா கொடுக்க வேண்டும்? இருக்கிற தண்ணீர்க் கஷ்டத்தில்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் விஷயமே இங்கேதான் இருக்கிறது. ஒரு பொருள் மறுசுழற்சிக்குப் போகுமா குப்பைமேட்டுக்குப் போகுமா என்பது பெரும்பாலும் நம் சமையலறையிலேயே முடிவாகிவிடுகிறது. ஒரு தயிர் டப்பாவில் ஒட்டியிருக்கும் இரண்டு கரண்டித் தயிர், அதே பையில் இருக்கும் ஐந்து கிலோ பேப்பரையும் நனைத்துக் கெடுத்துவிடும். நனைந்த பேப்பரைக் கடைக்காரர் வாங்க மாட்டார், பூசணம் பிடித்த அட்டையை யாரும் தொட மாட்டார்கள். அதைத் தரம் பிரிக்க உட்காரும் அம்மாவின் மூக்குக்கும் கைக்கும் என்ன ஆகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

அதற்காகப் பாத்திரம் தேய்ப்பது போல சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை. அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் இருக்கும் இல்லையா, அதை ஊற்றி ஒரு அலசு அலசிக் கவிழ்த்து வைத்தால் போதும். பால் கவரை வெட்டும்போது முனையை முழுசாகத் துண்டித்துவிடாமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். அந்தச் சின்ன முக்கோணத் துண்டுதான் சாக்கடையிலும் மாட்டின் வயிற்றிலும் போய்ச் சேர்கிறது, அதை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது. கவரை அலசி ஜன்னல் கம்பியில் காயப்போட்டுச் சேர்த்து வைத்தால் கடையில் பால் கவருக்கென்று தனி விலையே கொடுப்பார்கள், ஒரே மாதிரியான சுத்தமான பிளாஸ்டிக் என்பதால்.

நல்ல பொருளைப் பேப்பர் கடையில் விற்கலாமா, மாநகராட்சி வண்டிக்கேதான் கொடுக்க வேண்டுமா?

தாராளமாக விற்கலாம். விதி கேட்பது பிரித்து வைப்பதைத்தான். காயலான் கடைக்கும் தள்ளுவண்டியில் வருகிறவருக்கும் கொடுப்பதும் மறுசுழற்சிதான். பேரீச்சம்பழத்துக்கு இரும்பு பித்தளை வாங்கிய காலத்திலிருந்து நம் ஊரில் இதைச் செய்துவருகிறவர்கள் அவர்கள்தான், எந்த விதியும் வருவதற்கு முன்பே. 2016 விதிகளே குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களையும் பழைய பொருள் வாங்குகிறவர்களையும் அங்கீகரித்து, அவர்களை இந்த அமைப்புக்குள் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது.

சிக்கல் என்னவென்றால் கடையில் எல்லாவற்றையும் வாங்க மாட்டார்கள். செய்தித்தாள், அட்டை, இரும்பு, அலுமினியம், தண்ணீர் பாட்டில், கெட்டியான டப்பா, பால் கவர் இவை ஓடும். சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் கவர், ஷாம்பு சாஷே, தெர்மாகோல் எதுவும் ஓடாது. நல்லதை விற்றுவிட்டு மற்றதை ஈரக் குப்பையில் தள்ளிவிடுகிற வீடுகள் நிறைய. அப்படிச் செய்யாதீர்கள். விலை போகாததும் உலர் குப்பைதான், நீலக் கூடையில்தான் போக வேண்டும்.

சிப்ஸ் பாக்கெட் எதற்கும் உதவாது என்றால் அதைப் பிரித்து என்ன பயன்?

அதில் பிளாஸ்டிக் படலங்களும் உலோகப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் உருக்கித் திரும்ப அதே பொருளாக ஆக்க முடியாது. ஆனால் காய்ந்திருந்தால் சிமென்ட் ஆலைகள் சூளையில் நிலக்கரிக்குப் பதிலாக எரிக்க எடுத்துக்கொள்கின்றன. அங்கே இருக்கும் சூடு மிக அதிகம், தெருவோரம் கொளுத்துவதையும் அதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. சாதா பிளாஸ்டிக் கவர்களைத் துண்டு துண்டாக்கி, சூடான ஜல்லியின் மேல் உருகிப் படியவைத்து, அதோடு தார் கலந்து சாலை போடும் முறையும் இருக்கிறது. மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்தது, அதற்காக 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சோறும் சாம்பாரும் ஒட்டிய கவர் இந்த இரண்டு வேலைக்கும் ஆகாது. என் கருத்து, வாங்குவதைக் குறைப்பதுதான் இதற்குச் சரியான வழி. வாங்கிவிட்டால் காயவைத்தாவது கொடுங்கள்.

நாங்கள் பிரித்துக் கொடுக்கிறோம், அவர்கள் வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். பிறகு எதற்கு இந்தப் பாடு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கோபமும் நியாயமானது. எங்கள் தெருவிலும் நடந்திருக்கிறது, என் கண் முன்னாலேயே பச்சை, நீலம் எல்லாம் ஒரே டப்பாவில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நானும் சண்டைதான் போட்டேன். அப்புறம் நின்று பேசியபோதுதான் தெரிந்தது, அந்த பேட்டரி வண்டியில் இருந்த டப்பாக்களில் இரண்டு உடைந்து ஒரு மாதமாக மாற்றித் தரவில்லை, தெருவில் பத்து வீட்டில் ஏழு வீடு பிரிக்காமல் கொடுக்கிறது, இதில் மூன்று வீட்டுக் குப்பையை அவர் எங்கே தனியாக வைப்பார்? அவர் செய்தது சரி என்று சொல்லவில்லை. ஆனால் அவரைத் திட்டி எதுவும் மாறாது.

நாங்கள் மூன்று காரியம் செய்தோம். முதலில், உடைந்த டப்பாவைப் படம் எடுத்து வார்டு மேற்பார்வையாளரிடம் காட்டி, 1913 எண்ணிலும் புகார் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு வாரம் ஒருமுறை கேட்டுக்கொண்டே இருந்தோம். டப்பா வந்தது. இரண்டாவது, தெருவில் பிரிக்காத வீடுகளுக்கு நேரில் போனோம், நோட்டீஸ் ஒட்டியதில் நடக்காதது திண்ணையில் உட்கார்ந்து பேசியதில் நடந்தது. மூன்றாவது, உலர் குப்பையைத் தினமும் கொடுக்காமல் சேர்த்து வைத்து வாரம் ஒரு நாள் மொத்தமாகக் கொடுக்கத் தொடங்கினோம். அது காய்ந்த குப்பை, வீட்டில் இருந்தாலும் நாறாது. ஒரே நாளில் மொத்தத் தெருவும் கொடுக்கும்போது வண்டியில் அதற்கென்று இடம் ஒதுக்குவது அவர்களுக்கும் சுலபமாக இருக்கிறது. இன்றைக்கும் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கலந்து கொட்டுவது எப்போதாவது என்கிற அளவுக்குக் குறைந்திருக்கிறது.

கலந்துவிட்ட குப்பை எங்கே போகும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்கோ பெருங்குடிக் கிடங்குக்கோ ஒரு முறை போய்ப் பாருங்கள். பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. உலக அளவில் முக்கியமான ஈர நிலம் என்று 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அதே சதுப்பு நிலம். அதே 2022 ஏப்ரலில் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. பல பத்தாண்டாகச் சேர்ந்ததைத் தோண்டிச் சலித்து மண் வேறு பிளாஸ்டிக் வேறு என்று பிரிக்கும் வேலையைப் பெரும் செலவில் செய்ய வேண்டியதாகிவிட்டது. வீட்டில் இரண்டு கூடையில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

நாப்கின், டயப்பரை எப்படிக் கொடுப்பது?

பழைய செய்தித்தாளில் நன்றாகச் சுற்றிக் கட்டி, மேலே சிவப்புப் பேனாவில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுத் தனியாகக் கையில் கொடுங்கள். டயப்பரில் இருக்கும் மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டுச் சுற்றுவது நல்லது. கழிவறைக்குள் நாப்கினைப் போட்டுத் தண்ணீர் ஊற்றவே கூடாது. அது குழாயை அடைத்து, கடைசியில் ஒரு மனிதரைப் பாதாளச் சாக்கடைப் பக்கம் கூட்டிவரும் வேலை. மனிதரை இறக்குவது சட்டப்படி குற்றம், ஆனாலும் இறக்கப்படுகிறார்கள், சாகிறார்கள் என்பது நமக்கெல்லாம் தெரியும்.

உடைந்த கண்ணாடி, பிளேடு, சர்க்கரை நோய் ஊசி?

காலியான கெட்டி பிளாஸ்டிக் பாட்டிலில் ஊசியையும் பிளேடையும் போட்டு மூடியை இறுக்கி, வெளியே 'ஊசி' என்று எழுதி, தனிக் கவனம் தேவைப்படும் கழிவாகக் கொடுங்கள். கண்ணாடித் துண்டை அட்டைப்பெட்டியில் வைத்து டேப் ஒட்டி, கண்ணாடி என்று எழுதி உலர் குப்பையோடு தனியாகக் கையில் கொடுங்கள். எங்கள் தெருவுக்கு வரும் அக்காவின் கையில் ஒரு முறை பல்புத் துண்டு கிழித்து நான்கு தையல் போட்டார்கள். அந்தப் பை எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கடைசி வரை தெரியவில்லை.

பல்பு, பேட்டரி, காலாவதியான மருந்து, பழைய போன்?

சுருள் பல்பிலும் டியூப் லைட்டிலும் பாதரசம் இருக்கிறது, உடையாமல் கொடுக்க வேண்டும். காலாவதி மருந்தைத் தொட்டியில் கொட்டாதீர்கள், அட்டையோடு அப்படியே நான்காவது பெட்டியில் போடுங்கள். பெயின்ட் டப்பா, பாதரச வெப்பமானி இவையும் அதில்தான். உப்பிப்போன போன் பேட்டரியை மட்டும் பெட்டியில் மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம். அது தீப்பிடிக்கக்கூடியது, முனைகளில் டேப் ஒட்டிச் சீக்கிரம் ஒப்படைத்துவிடுங்கள். பழைய போன், சார்ஜர், மிக்சி, கம்ப்யூட்டர் எல்லாம் மின்னணுக் கழிவு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் விதிகளின்படி, தயாரிக்கும் நிறுவனங்களே பழைய பொருளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யப் பொறுப்பு. அதனால் புதிது வாங்கும் கடையில் பழையதை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

கிழிந்த மெத்தை, உடைந்த சோபா?

தெருமுனையில் வைத்துவிட்டு வராதீர்கள். சென்னை மாநகராட்சி சனிக்கிழமைகளில் இப்படிப் பெரிய பொருள்களை எடுத்துப்போக ஏற்பாடு செய்திருக்கிறது, 1913-ல் முன்கூட்டியே சொல்லிப் பதிவு செய்யுங்கள். வீடு இடித்த கட்டடக் கழிவு இதில் சேராது, அதற்கு வேறு விதி, அதையும் அதே எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.

சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். எனக்கும் இதே விதியா?

பிரிப்பது எல்லோருக்கும் ஒன்றுதான், தள்ளுவண்டிக்கடைக்கும் கூட. ஆனால் தொழிலுக்குத் தொழில் சேரும் குப்பை வேறு, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

டீக்கடை, டிபன் கடை என்றால் முதலில் கப். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், தெர்மாகோல் தட்டு, உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், உறிஞ்சுகுழல், எந்தத் தடிமன் என்றாலும் பிளாஸ்டிக் கைப்பை எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைக்குள் வருகின்றன. கண்ணாடி கிளாசும் எவர்சில்வர் டம்ளரும் வைத்திருக்கும் கடைக்குக் குப்பையே பாதியாகக் குறையும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சவும் கூடாது, சாக்கடையில் கொட்டவும் கூடாது. அதை வாங்கி பயோடீசல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2018 முதல் அதற்கு வழி செய்திருக்கிறது. நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்க எண்ணெய் பயன்படுத்துகிறவர்கள் கணக்கேடு வைத்திருக்க வேண்டும்.

இளநீர்க் கடைக்காரர்கள் மட்டையைத் தனியாகக் குவித்து வையுங்கள், மற்றக் குப்பையோடு சேராமல் இருந்தால் நாராகவும் உரமாகவும் ஆக்கலாம். மழைக்காலத்தில் வெட்டிய மட்டையில் தண்ணீர் தேங்கிக் கொசு வரும், அதனால் அன்றன்றைக்கே அனுப்பிவிடுவது நல்லது. மெக்கானிக் கடையில் வடிக்கிற என்ஜின் ஆயில் அபாயகரமான கழிவு, அதைக் குப்பையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது, உரிமம் உள்ளவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். மளிகைக் கடை, துணிக்கடைக்காரர்களுக்கு அட்டைப்பெட்டிதான் அதிகம். மடித்துக் கட்டி மழை படாமல் உள்ளே வைத்திருந்தால் அதுவே பணம்.

கடையில் பிளாஸ்டிக் இல்லை, துணிப்பைதான் கொடுக்கிறோம் என்கிறார்கள். உண்மையா?

தொட்டுப் பாருங்கள். தையல் இல்லாமல், ஓரம் சூட்டில் ஒட்டியது போல, புள்ளி புள்ளியாக அழுத்தியது போல இருந்தால் அது துணி இல்லை, பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக். அதுவும் தடைப்பட்டியலில் இருக்கிறது. நூல் நூலாகப் பிரிந்தால்தான் துணி. மஞ்சப்பை ஒன்றை வண்டியிலேயே மடித்து வைத்துக்கொள்ளுங்கள், கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம்கூட 2022-ல் வைத்தார்கள்.

எங்கள் அடுக்குமாடியில் நிறைய வீடுகள். எங்களுக்குத் தனி விதி உண்டா?

கட்டடத்தின் தளப்பரப்பு 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ, அல்லது தண்ணீர்ச் செலவு நாளைக்கு 40,000 லிட்டரோ அதற்கு மேலோ, அல்லது குப்பை நாளைக்கு 100 கிலோவோ அதற்கு மேலோ இருந்தால் புதிய விதிகளின்படி நீங்கள் பெருமளவில் கழிவை உருவாக்குகிறவர்கள். மூன்றில் ஒன்று பொருந்தினாலே போதும். தண்ணீர்க் கணக்கை வைத்துப் பார்த்தால் ஆளுக்கு 135 லிட்டர் என்று கொண்டால் சுமார் 300 பேர், அதாவது வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 75 வீடு. இதில் பல சங்கங்கள் தாங்கள் அந்தக் கணக்கில் வருவதே தெரியாமல் இருக்கிறார்கள். அப்படி வந்தால் ஈரக் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும்.

உரம் என்றதும் நாற்றம் வரும் என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொல்வார். நாற்றம் வருவது ஈரம் அதிகமாகும்போதுதான். காய்ந்த இலையோ தேங்காய் நார்க் கழிவோ மேலே ஒரு அடுக்கு தூவினால் அடங்கிவிடும். புளித்த மோரைக் கொஞ்சம் தெளித்தால் சீக்கிரம் மக்கும். வீட்டு மாடியில் ஓட்டை போட்ட மண்தொட்டியிலேயே இதைச் செய்யலாம், சமைத்த சோறும் கறியும் மட்டும் ஆரம்பத்தில் போடாமல் இருங்கள்.

வீட்டில் விசேஷம், 300 பேருக்குச் சாப்பாடு. ஏதாவது சொல்ல வேண்டுமா?

ஆம். 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் குறைந்தது 3 வேலைநாள் முன்னதாக உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2016 விதிகளிலேயே இருந்தது. சமையல்காரரிடம் இலைக்கு ஒரு தொட்டி, தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு சாக்கு என்று முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள், பந்தி முடிந்த பிறகு பிரிக்க முடியாது.

போகிக்கும் தீபாவளிக்கும்?

போகியில் டயர், பிளாஸ்டிக், ரெக்சின் எதையும் கொளுத்தாதீர்கள். பிவிசி என்கிற பிளாஸ்டிக் எரிந்தால் வரும் டையாக்சின் மிகக் கொடிய நஞ்சு. பழைய டயரைப் போகிக்கு முன்பே மாநகராட்சி வாங்கிக்கொள்ளும். பட்டாசுக் குப்பையில் ரசாயனம் இருப்பதால் அதைத் தனிப் பையில் கொடுங்கள், சென்னையில் அதைத் தனியாகச் சேகரித்துக் கும்மிடிப்பூண்டியில் அபாயகரமான கழிவைக் கையாளும் இடத்துக்கு அனுப்புகிறார்கள்.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். வண்டி வரும் நேரத்தில் வீட்டில் யாரும் இல்லை.

இரவே கதவுக்கு வெளியே வைத்தால் நாய் கிழித்துவிடும். எங்கள் தெருவில் இப்படி ஆறு வீடுகள் இருந்தன. பக்கத்தில் பகல் முழுதும் வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் பேசி, மூடி போட்ட இரண்டு வாளிகளைக் காலையில் அவர்கள் கேட்டுக்கு உள்ளே வைத்துவிட்டுப் போகிறார்கள், விசில் கேட்டதும் அந்தப் பாட்டி எடுத்துக் கொடுத்துவிடுகிறார். நாப்கின் பொட்டலத்தை மட்டும் அவரிடம் விடாமல் ஞாயிற்றுக்கிழமை தாங்களே கொடுக்கிறார்கள். உங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லையென்றால் வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று மேற்பார்வையாளரிடம் கேட்டு, காலை ஆறரைக்கு உங்கள் பக்கம் முதலில் வர முடியுமா என்று கேளுங்கள். எங்களுக்குப் பக்கத்துத் தெருவில் கேட்டார்கள், மாற்றிக் கொடுத்தார்கள்.